பம்பு எண்ணெயை இழுப்பதில்லை

தெரிந்தவர் பட்டறையில், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஒரு ஹைட்ராலிக் பிரஸ். அதன் ராம், அதாவது அழுத்தும் தண்டு, கீழே இறங்க இறங்க, பம்பு கீச்சென்று கத்தும். "பம்பு போச்சு சார்" என்று மெக்கானிக் புதுசு மாட்டினார். சில மாதங்களில் அதுவும் கத்தியது. பழைய பம்பைப் பிரித்தால், உள்ளே உலோகம் அம்மி கொத்தியதுபோல் குழிகுழியாக இருந்தது.

பம்பு எண்ணெயை உறிஞ்சி இழுக்கிறது என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் அது தன் வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். டேங்க் எண்ணெயின் தலையில் உட்கார்ந்திருக்கும் வளிமண்டலம்தான் எண்ணெயைக் குழாய்க்குள் தள்ளுகிறது. அந்தத் தள்ளு, அழுத்தத்தை அளக்கும் கணக்கில், சுமார் 1 பார். 200 பாரில் வெளியே தள்ளுகிற பம்பு, உள்ளே வாங்குவதற்கு இந்த ஒற்றை பாரைத்தான் நம்பியிருக்கிறது.

வழியில் அடைப்பிருந்தால் பம்பின் வாயில் அழுத்தம் சரியும். கோலி சோடாவை உடைத்ததும் பொங்குகிறதே, அதே கதைதான். மினரல் எண்ணெயில் கொள்ளளவில் 8, 9 சதவீதம் காற்று கரைந்தே இருக்கும். முதலில் அது குமிழாகக் கிளம்பும். அழுத்தம் இன்னும் இறங்கினால் எண்ணெயே சூடில்லாமல் கொதித்து ஆவியாகும். இந்தக் குமிழ்கள் அழுத்தப் பக்கம் போனதும் நொறுங்கும். உலோகத்தை ஒட்டி நொறுங்கும் குமிழ் ஒருபக்கமாகக் குழிந்து, நொடிக்கு 100 மீட்டரையும் தாண்டும் வேகத்தில் ஊசி போன்ற தாரையாகக் குத்தும். இதுதான் கேவிடேஷன். கப்பல் புரொப்பெல்லர்களை அரித்த இந்தக் குமிழ்களுக்கு 1917-இல் ஆங்கில இயற்பியலாளர் ரேலி பிரபு கணக்குப் போட்டுக் காட்டினார்.

சத்தத்தை வைத்து மட்டும் முடிவுகட்டக் கூடாது. எண்ணெய் பால்போல் வெளுத்து நுரைத்திருந்தால், அது பெரும்பாலும் வெளிக்காற்று உள்ளே புகும் கோளாறு. உறிஞ்சு குழாயின் இணைப்புகளில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுங்கள்; சத்தம் மாறினால் ஒழுக்கு அங்கேதான். எண்ணெய் தெளிவாக இருந்தும் சத்தம் சீராகக் கீச்சிட்டால் கேவிடேஷனைச் சந்தேகிக்கலாம். பம்பு வாயில் வெற்றிடத்தை அளக்கும் ஒரு வேக்கம் கேஜ் மாட்டினால் தெரிந்துவிடும். பல பம்புகளுக்கு 0.2 பார் வெற்றிடத்தைத் தாண்டினாலே ஆபத்து. சரியான அளவு பம்பின் கையேட்டில் இருக்கும்.

அப்புறம், டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸ். கைக்குக் கிடைத்ததை மாட்டுவதுதான் நம் வழக்கம். விட்டம் பாதியானால் எண்ணெயின் வேகம் 4 மடங்கு. நிதானமாக ஓடும் கெட்டி எண்ணெயில் அழுத்த இழப்போ 16 மடங்கு. பனிக்காலக் காலையில் எண்ணெய் இன்னும் கெட்டியாகும். சுமை ஏற்றாமல் சற்று ஓடவிடுவது நல்லது. எண்ணெயை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது பலரும் செய்வதுதான்.

அந்த பிரஸ்ஸில் ஸ்ட்ரெய்னர் சுத்தம், ஹோஸும் சரி. ராம் இறங்கும்போதுதான் டேங்கில் எண்ணெய் மட்டம் குறையும். அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். டேங்கின் மேலே எட்டிப் பார்த்தால், தூசி விழாமலிருக்க காற்று போய்வரும் பிரீதர் மூடியை யாரோ பாலித்தீன் கவரால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்ததும் 'புஸ்' என்று காற்று உள்ளே போனது. பம்பு கத்துவதை நிறுத்திவிட்டது.