நெபில்சோனிஸ்: லாத்வியாவின் ‘குடிமக்கள் அல்லாதோர்’

பால்டிக் கடலோர நாடான லாத்வியாவில் ஊதா நிற அட்டை போட்ட ஒரு பாஸ்போர்ட் உண்டு. அதை வைத்திருப்பவர் அந்த நாட்டிலேயே பிறந்தவராக இருக்கலாம். தலைநகர் ரீகாவில் வேலை பார்ப்பார், வரி கட்டுவார், ஓய்வூதியமும் வாங்குவார். ஆனால் நாடாளுமன்றத் தேர்தலிலோ உள்ளாட்சித் தேர்தலிலோ அவரால் ஓட்டுப் போட முடியாது. அவரைக் குறிக்க லாத்விய மொழியில் இருக்கும் சொல் ‘நெபில்சோனிஸ்’. இதைத் தமிழில் ‘நாடற்றவர்’ என்று எழுதிவிடத்தான் முதலில் கை போகும். அது சரியில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘நெ’ எதிர்மறை முன்னொட்டு. ‘பில்சோனிஸ்’ என்றால் குடிமகன். அதன் வேர் ‘பில்ஸ்’, அதாவது கோட்டை. கோட்டைக்குள் இருப்பவனே ஊரின் உரிமையுள்ள ஆள் என்ற பழைய ஐரோப்பிய எண்ணத்தில் பிறந்த சொல் இது. இந்த ‘பில்ஸ்’ நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. கிரேக்கத்தின் ‘போலிஸ்’, சமஸ்கிருதத்தின் ‘புர்’ இரண்டுக்கும் இது உறவு. அந்தப் ‘புர்’ வழியாக வந்ததுதான் காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் நாம் சொல்லும் ‘புரம்’.

பக்கத்து நாடான எஸ்தோனியாவில் குடிமகனுக்குச் சொல் ‘கோதனிக்’. அது வீட்டைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. தமிழிலும் ‘குடி’ என்றால் வீடு, குடும்பம், பிறகு அரசனின் குடி, அப்புறம் இன்றைய குடிமகன். ஒலி ஒத்திருப்பதை வைத்து இரண்டையும் உறவாக்க வேண்டாம். ஆனால் ஒரு மொழி கோட்டையிலிருந்தும் இன்னொன்று வீட்டிலிருந்தும் ஒரே கருத்துக்கு வந்து சேர்ந்திருப்பது எனக்குப் பிடித்த விஷயம்.

சரி, யார் இந்த நெபில்சோனிஸ்? லாத்வியா 1918 முதல் 1940 வரை தனிக் குடியரசாக இருந்தது. 1940 ஜூன் 17 அன்று சோவியத் படை நுழைந்தது, நாடு சோவியத் ஒன்றியத்தோடு இணைக்கப்பட்டது. 1941 ஜூனிலும் 1949 மார்ச்சிலும் பல்லாயிரம் பேர் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். 1949இல் மட்டும் சில நாட்களுக்குள் ஏறக்குறைய 42,000 பேர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ரஷ்யா, பெலாரஸ், உக்ரைன் பகுதிகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கும் படைமுகாம்களுக்கும் ஆட்கள் வந்து குடியேறினார்கள். போருக்கு முன் முக்கால் பங்காக இருந்த லாத்வியர்கள் 1989 கணக்கெடுப்பில் 52 விழுக்காடு ஆனார்கள். தங்கள் மொழி தங்கள் மண்ணிலேயே அழிந்துவிடுமோ என்று அவர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது.

1991 மார்ச்சில் விடுதலை பற்றி மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரித்தார்கள். அவர்களில் ரஷ்ய மொழி பேசுவோரும் கணிசமாக இருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 15 அன்று வந்த தீர்மானம், 1940க்கு முன் குடிமக்களாக இருந்தவர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் மட்டும் குடியுரிமையை மீட்டுக் கொடுத்தது. பிறகு வந்து குடியேறியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும், அங்கேயே பிறந்திருந்தாலும், வெளியே நின்றார்கள். 1995இல் இவர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தபோது எண்ணிக்கை ஏழு லட்சத்தைத் தாண்டியிருந்தது. இன்னொரு பக்கத்து நாடான லிதுவேனியா இந்த வழியில் போகவில்லை. அங்கே லிதுவேனியர்கள் ஏறக்குறைய 80 விழுக்காடு இருந்ததால், 1989 சட்டத்திலேயே அங்கு வசித்த எல்லோருக்கும் குடியுரிமை பெறும் வழியைத் திறந்தார்கள்.

கதவு அடைந்தே கிடக்கவில்லை. லாத்விய மொழி, வரலாறு, அரசமைப்பு ஆகியவற்றில் தேர்வெழுதிக் குடியுரிமை வாங்கலாம். 1998இல் குடியுரிமைச் சட்டம் பற்றி நடந்த பொதுவாக்கெடுப்புக்குப் பிறகு விதிகள் தளர்ந்தன. 2020 ஜனவரி 1 முதல் அங்கே இவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகள், வேறு நாட்டுக் குடியுரிமை கேட்காதவரை, பிறப்பிலேயே குடிமக்கள். இப்போது எண்ணிக்கை இரண்டு லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. மீதமிருப்பவர்களில் முதியோர் அதிகம். சிலருக்கு இந்த வயதில் மொழித் தேர்வு கடினம். சிலருக்கோ தேர்வே ஓர் அவமானம்: “நான் பிறந்த ஊரில், நான் ஓட்டுப் போட்டு வந்த விடுதலைக்குப் பிறகு, எனக்கு எதற்குப் பரீட்சை?” என்பது அவர்கள் தரப்பு. “எங்களைக் கேட்காமல் கொண்டுவந்து நிரப்பினார்கள், மொழியையாவது கற்றுக்கொள்ளக் கூடாதா?” என்பது மறுதரப்பு. இரண்டுமே உண்மையான வலியிலிருந்து வருபவை.

இப்போது தமிழுக்கு வருவோம். ‘நாடற்றவர்’ என்ற சொல்லுக்கு நம்மிடம் ஒரு வரலாறு இருக்கிறது. இலங்கையில் 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரைக் கைவிட்டபோது, அவர்களைக் குறிக்க ஊன்றிப்போன சொல் அது. எந்த நாடும் தன்னவர் என்று ஏற்காத நிலையை அது சொல்லும். லாத்வியாவின் நிலை வேறு. வெளிநாட்டில் ஓர் ஆபத்து என்றால் லாத்வியத் தூதரகம் இவர்களைக் காக்கும். அந்த ஊதா பாஸ்போர்ட்டோடு ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும்பாலான நாடுகளில் விசா இல்லாமல் பயணம் செய்யலாம். இவர்கள் குடிமக்களும் இல்லை, வெளிநாட்டவரும் இல்லை, நாடற்றவரும் இல்லை, தனியான ஒரு சட்டநிலை உடையவர்கள் என்று லாத்விய அரசமைப்பு நீதிமன்றமே 2005இல் சொல்லியிருக்கிறது.

‘குடியுரிமை பறிக்கப்பட்டோர்’ என்று எழுதினால் அது அவர்கள் தரப்பு வாதம். ‘குடியுரிமை பெறாதோர்’ என்றால் அரசின் வாதம், முயன்று பெறாதது அவர்கள் குறை என்ற தொனி அதில் ஒட்டிக்கொள்ளும். ‘குடியல்லாதோர்’ சுருக்கமாக இருக்கிறது, ஆனால் ‘குடி’ என்பதற்குக் குடியிருப்பவர் என்ற பொருளும் உண்டு. இவர்களோ அங்கேயே குடியிருப்பவர்கள்.

தமிழ் இலக்கணம் இங்கே கைகொடுக்கிறது. ‘இல்லாத’ என்றால் இன்மை, ‘அற்ற’ என்றால் இழப்பு, ‘அல்லாத’ என்றால் அன்மை, அதாவது இது அதுவன்று என்பது மட்டும். லாத்வியத்தின் ‘நெ’ இந்த மூன்றாவதைத்தான் சொல்கிறது. ஆகவே ‘குடிமக்கள் அல்லாதோர்’ என்பதே என் தேர்வு. ஒரு குறை உண்டு: ரீகாவில் தங்கியிருக்கும் ஜெர்மானியரும் குடிமக்கள் அல்லாதவர்தானே? அதனால் கட்டுரையில் முதல் தடவை வரும்போது ‘லாத்வியாவின் தனிச் சட்டநிலை கொண்ட, குடிமக்கள் அல்லாதோர்’ என்று விரித்து எழுதிவிட்டு, பிறகு சுருக்கலாம்.

லாத்வியாவின் இரண்டாவது பெரிய நகரம் தௌகவ்பில்ஸ். தௌகவா ஆற்றங்கரைக் கோட்டை என்று பொருள். அங்கே பெரும்பான்மை ரஷ்ய மொழி பேசுவோர். ‘பில்ஸ்’ என்று முடியும் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, ‘நெபில்சோனிஸ்’ என்று அச்சிட்ட பாஸ்போர்ட்டோடு வாழ்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.