கணக்கு பிள்ளைக்கு, பேசுவது அப்பா

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுவாரமே கோத்தகிரியில் எங்கள் வங்கிக் கிளையில் கூட்டம் கூடிவிடும். கல்லூரியில் சேரக் கணக்கு வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதாமாதம் வரும் 1,000 ரூபாய்க்குக் கணக்கு வேண்டும். பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய கணக்காக இருந்தால், 18 வயது ஆனதும் புதிதாக மாதிரிக் கையெழுத்து போட்டு, ஆவணங்களையும் மறுபடி கொடுத்தாக வேண்டும். பெரும்பாலும் பெற்றோரில் ஒருவர் பிள்ளையை அழைத்து வருவார். "பேர் என்ன தம்பி?" என்று பிள்ளையைப் பார்த்துக் கேட்டால், பதில் அப்பாவிடமிருந்து வரும்.

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. அரை நாள் கூலியை விட்டுவிட்டு எஸ்டேட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருப்பார். வேலை சீக்கிரம் முடிந்தால் போதும் அவருக்கு. ஆனால் அந்தப் பிள்ளை இன்னும் ஓரிரு மாதத்தில் மலை இறங்கி, கோவைக்கோ திருப்பூருக்கோ தனியாகப் போகப் போகிறது. அங்கே ஹாஸ்டல், சிம் கார்டு, சம்பளம் என்று எதுவானாலும் அதுவேதான் வாய் திறந்து கேட்டாக வேண்டும்.

வாழ்க்கைத் திறன்கள் என்ற பேச்சு இப்போது எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிறது. 1990களில் உலக சுகாதார நிறுவனம் பத்துத் திறன்களைக் குறிப்பிட்டது. தன்னை அறிதல், பிறர் நிலையை உணர்தல், முடிவெடுத்தல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் என்று அந்தப் பட்டியல் போகும். நல்ல பட்டியல்தான். ஆனால் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்கு, மூன்று வாக்கியங்களைத் தயங்காமல் சொல்லத் தெரிந்த பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்றே தோன்றுகிறது. 'எனக்குப் புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்.' 'யோசித்துச் சொல்கிறேன்.' 'முடியாது.'

கடைசி வாக்கியம்தான் ரொம்பக் கஷ்டம். கோவையில் முதல் வருடம் படிக்கும் ஒரு பையன் அப்பாவோடு வந்திருந்தான். ஏ.டி.எம்.மில் பணம் எடுக்க முடியவில்லை என்பது புகார். கணக்கைப் பார்த்தால், வெளிமாநில சைபர் கிரைம் போலீஸ் கேட்டுக்கொண்டதால் முடக்கி வைத்திருக்கிறார்கள். ஐந்நூறும் ஆயிரமுமாகப் புழங்கிய கணக்கில் திடீரென்று லட்சக்கணக்கில் பணம் வந்து, வந்த சூட்டோடு வெளியேயும் போயிருக்கிறது.

"இது யார் போட்ட பணம் தம்பி?"

"தெரியாது மேடம்."

"கார்டு யார்கிட்ட இருந்துச்சு?"

பையன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். "ஹாஸ்டல்ல ஒரு சீனியர் அண்ணா... கொஞ்ச நாளைக்கு அக்கவுண்ட் வேணும்னு கேட்டார். ரெண்டாயிரம் தர்றேன்னார்."

"தப்புன்னு தோணலையா?"

"தோணுச்சு மேடம். எப்படி முடியாதுன்னு சொல்றதுன்னு தெரியல."

இப்படிக் கைமாறும் கணக்குகளுக்கு வங்கி வட்டாரத்தில் மியூல் அக்கவுண்ட் என்று பெயர். எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணத்தை முதலில் இந்த மாதிரி மாணவர் கணக்கில் இறக்குவார்கள். உடனே அங்கிருந்து வேறு கணக்குகளுக்குத் தள்ளிவிடுவார்கள். ஏமாந்தவர் சைபர் கிரைம் உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் கொடுத்ததும், பணம் போன தடத்தைப் பிடித்து வரும் போலீஸ் முதலில் தட்டுவது பையன் வீட்டுக் கதவைத்தான். கார்டையும் பின் நம்பரையும் சிம்மையும் தானே எடுத்துக் கொடுத்துவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் எளிதில் எடுபடாது. அந்த 2,000 ரூபாய்க்காக வழக்கு, விசாரணை என்று ஊர் ஊராக அலைய வேண்டி வரலாம்.

இத்தனைக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விவரம் இல்லாதவர்கள் அல்ல. பள்ளி விட்டு வரும் வழியில் தேயிலைக்குள் காட்டெருமை நின்றால், கத்த மாட்டார்கள், கல்லெறிய மாட்டார்கள், செல்ஃபி எடுக்கக் கிட்டே போகவும் மாட்டார்கள் (அதையெல்லாம் செய்ய டூரிஸ்டுகள் இருக்கிறார்கள்). எட்டாவது படிக்கிற அக்கா சின்னதுகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு, அது நகரும்வரை காத்திருக்கும், இல்லையென்றால் சுற்றுவழியில் கூட்டிப் போகும். ஆபத்தை எடைபோடுவது, அவசரப்படாமல் இருப்பது எல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் போனில் ஒரு குரல், 'உங்களுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, பின் நம்பரைப் போடுங்க' என்றால் அந்த நிதானம் காணாமல் போய்விடுகிறது. யு.பி.ஐ.யில் நமக்கு வரும் பணத்தைப் பெற பின் நம்பர் போடவே தேவையில்லை. இது தெரிந்திருந்தால் அந்தப் பேச்சை அங்கேயே வெட்டிவிடலாம்.

வேறு மாதிரிப் பிள்ளைகளும் வருகிறார்கள். கல்விக் கடன் கேட்டு ஒரு பெண் வந்தாள். அம்மா பெஞ்சில் உட்கார்ந்துகொள்ள, அவளே பேசினாள். 4 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்ற விதி அவளுக்குத் தெரிந்திருந்தது. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம் என்று நான் சொன்னதும், "சரி மேடம், வட்டி எப்போதிலிருந்து ஓடும்?" என்று கேட்டாள். படித்த பெரியவர்களே கேட்க மறக்கும் கேள்வி அது. வட்டி பணம் கொடுத்த நாளிலிருந்தே ஓடும் என்றேன். குறித்துக்கொண்டாள். இதையெல்லாம் எங்கே கற்றாய் என்று கேட்டபோது, பதினொன்றாம் வகுப்பில் டூருக்குப் பணம் வசூலித்துக் கணக்கு எழுதியதைச் சொன்னாள். டீச்சர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, இடிக்கும் இடத்தை மட்டும் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுப்பாராம். ஒருமுறைகூடத் தானே கூட்டிச் சரிசெய்து தரவில்லையாம்.

அந்த டீச்சருக்குக் கோயில் கட்டலாம். என்.எஸ்.எஸ். முகாமில் சமையல் சாமான் வாங்கும் பொறுப்பு, ஆய்வக இருப்பு நோட்டு, விளையாட்டு விழாவுக்கு மைக் செட்காரரிடம் வாடகை பேசுவது என்று எந்தப் பள்ளியிலும் இப்படி நிஜ வேலைகள் இருக்கின்றன. தப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் அதையெல்லாம் ஆசிரியர்களே செய்துவிட்டு, வாழ்க்கைத் திறனுக்குத் தனியாக ஒரு பீரியட் போடுகிறோம். பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார்.

எங்கள் பக்கமும் பெரிதாகப் பெருமைப்பட ஒன்றுமில்லை. ரிசர்வ் வங்கியின் நிதிக்கல்வி வாரம் வந்தால் பள்ளிகளுக்குப் போய் ஸ்லைடு காட்டிப் பேசி, பேனா கொடுத்துவிட்டு வருவோம். பிள்ளைகளுக்குப் பேனாதான் ஞாபகம் இருக்கும். இப்போது பணம் கட்டும் சலானைக் கொண்டுபோய் எழுதச் சொல்கிறேன். அப்புறம் ஒருவரைச் சீனியராகவும் இன்னொருவரை ஜூனியராகவும் நிறுத்தி, ஜூனியரிடம் கணக்கைக் கேட்கச் சொல்கிறேன். முதலில் ஒரே சிரிப்பு. பிறகு பதில்கள் வரத் தொடங்கும். "அண்ணா, என் அக்கவுண்ட்ல எது நடந்தாலும் அப்பா நம்பருக்குத்தான் மெசேஜ் போகும்" என்றான் ஒருவன். பொய்யாகவே இருக்கட்டும், அந்த நேரத்துக்கு அது போதும்.

பெற்றோருக்கு ஒன்று. 10 வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரில் தானே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. வரம்புகளை அந்தந்த வங்கி வைத்திருக்கும். பிளஸ் டூ வரை காத்திருக்க வேண்டியதில்லை. அழைத்து வாருங்கள். நீங்கள் பெஞ்சில் உட்காருங்கள், பிள்ளை கவுண்டருக்கு வரட்டும். தடுமாறினால் எங்களுக்குக் கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும், பரவாயில்லை. கிளம்பும் முன் ஆதாரில் உள்ள பெயரும் பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இங்கே வந்து திரும்பிப் போகிறவர்களில் நிறையப் பேருக்குத் தடை அந்த ஒற்றை எழுத்துதான். அதையும் பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள்.