பேதிக்குக் கொடுக்கும் கரைசலில் சர்க்கரை எதற்கு?

மும்பையில் மழை பிடித்துக்கொண்டால் தாராவி, ஆண்டாப்ஹில், கோலிவாடா பக்கம் வயிற்றுப்போக்கும் கூடவே வந்துவிடும். தண்ணீர் விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. கசிவு வழியாகச் சாக்கடை உள்ளே புகுந்துவிடும். பேதியில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டக் கரைத்துக் குடிக்கும் ஓஆர்எஸ் பாக்கெட் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. கெடுவது கரைக்கும் இடத்தில்தான். பிள்ளை குடிக்கட்டுமே என்று மேலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை சேர்ப்பார்கள். இல்லையென்றால் ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரே டம்ளரில் கொட்டுவார்கள். சர்க்கரை ருசிக்கும் தெம்புக்கும்தான் என்ற நினைப்பே காரணம்.

அந்தச் சர்க்கரைக்கு வேலை சிறுகுடல் செல்லின் சவ்வில் இருக்கிறது. செல் சவ்வு கொழுப்பாலான இரட்டை அடுக்கு. சோடியம் அதைத் தானாகக் கடக்காது, ஒரு புரதம் கடத்திவிட வேண்டும். குடலின் உட்பக்கச் சவ்வில் இருக்கும் எஸ்ஜிஎல்டி1 என்ற புரதம் இரண்டு சோடியத்தையும் ஒரு குளுக்கோஸையும் (பாக்கெட்டில் இருக்கும் சர்க்கரை இதுதான்) சேர்த்தே உள்ளே எடுக்கும். அதற்கான இழுவிசை செல்லின் மறுபக்கத்தில் பிறக்கிறது. அங்குள்ள சோடியம்-பொட்டாசியம் பம்ப் செல்லின் எரிபொருளான ஏடிபியில் ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை ரத்தத்தின் பக்கம் தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே வாங்குகிறது. செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவாக இருப்பது இதனால்தான். சோடியம் போகும் வழியே தண்ணீரும் போகும். இந்த இணைக் கடத்தலை 1960-ல் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் முன்வைத்தார்.

காலராவில் நடப்பதைப் பார்த்தால் இதன் அருமை தெரியும். காலரா நச்சு செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறை ஏற்றி, சிஎஃப்டிஆர் என்ற குளோரைடு வாயிலைத் திறந்தே வைத்துவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியமும் தண்ணீரும் பின்னாலேயே போகின்றன. குளுக்கோஸ் இல்லாமல் சோடியத்தை உறிஞ்சும் இன்னொரு புரதமும் முடங்கிவிடும். எஸ்ஜிஎல்டி1-க்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை. வெறும் உப்புத் தண்ணீர் பலன் தராததும், சர்க்கரை சேர்ந்ததும் உயிர் பிழைப்பதும் இதனால்தான். 1971-ல் மேற்கு வங்காளத்தின் பங்காவ்ன் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலநாபிஸ் இந்தக் கரைசலைக் கொடுத்தபோது, சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2002-ம் ஆண்டு அளவு, ஒரு லிட்டருக்கு: குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9. கரைந்திருக்கும் துகள்களின் மொத்தச் செறிவு லிட்டருக்கு 245 மில்லிஆஸ்மோல். ரத்தத்தில் இது ஏறக்குறைய 290, அதாவது கரைசல் ரத்தத்தைவிட நீர்த்தது. சர்க்கரையைக் கூட்டினால் புரதத்தால் ஏற்க முடியாத மிச்சம் குடலிலேயே தங்கி, உடம்பில் இருக்கும் தண்ணீரையும் வெளியே இழுக்கும், பேதி கூடும். கூல்டிரிங்க், பாக்கெட் ஜூஸ் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். இந்த அளவில் இல்லாத பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவிட்டது. நல்ல காரியம், ரொம்பத் தாமதம்.

பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. மேலே அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுப் பிரியுங்கள். ஒரு லிட்டர் பிஸ்லேரி பாட்டிலே நல்ல அளவுகோல். கொதித்து ஆறிய தண்ணீரில் முழு பாக்கெட்டையும் கரைத்து, 24 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பாக்கெட் கிடைக்காத ராத்திரியில் ஒரு லிட்டருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு போதும். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் சரிதான், மாவுச்சத்து குடலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குளுக்கோஸாகும்.

இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழிந்தாலும், மூத்திரம் நின்றாலும், பிள்ளை துவண்டாலும், மலத்தில் ரத்தம் வந்தாலும் கரைசலோடு காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும்.

நீரிழிவுக்காரர்களும் பேதி நேரத்தில் ஓஆர்எஸ் குடிக்கலாம். கவனிக்க வேண்டியது மாத்திரையை. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இரண்டும் சிறுநீரகத்தில் இதே குடும்பத்துப் புரதமான எஸ்ஜிஎல்டி2-ஐ அடைப்பவை. நீரிழப்பின்போது அவற்றைத் தொடர்ந்தால், ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே ரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோன் ஏறக்கூடும். அவற்றை நிறுத்தி வைப்பது பற்றி அன்றே மருத்துவரிடம் கேளுங்கள்.