ஸ்ட்ரெஸ்: அழுத்தமா, உளைச்சலா?

‘ஸ்ட்ரெஸ்’ என்பதற்கு எழுத்தில் ‘மன அழுத்தம்’ என்பதும் பேச்சில் ‘டென்ஷன்’ என்பதும் நிலைத்துவிட்டன. இரண்டுமே பொருளை முழுமையாகத் தருவதில்லை என்பது என் எண்ணம்.

ஆங்கிலச் சொல்லின் வேர், இறுக்கிக் கட்டுதலைக் குறிக்கும் ‘ஸ்ட்ரிங்கெரே’ என்ற லத்தீன் வினை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தபோது அது இன்னலையும் இடுக்கணையும் குறித்தது. பின்னர் இயற்பியலார் அதைத் திடப்பொருளில் செயல்படும் விசைக்கு வழங்கினர். குளிர், காயம், அளவுமீறிய உழைப்பு, நஞ்சு என எதற்கு ஆளாக்கினாலும் எலிகளின் உடலில் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி பெருத்து, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கி, இரைப்பையில் புண் உண்டாவதை ஹார்மோன் ஆய்வாளர் ஹான்ஸ் செலியே 1936இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் எழுதினார். ‘ஸ்ட்ரெஸ்’ என்ற பெயரைப் பிற்பாடுதான் அதற்குச் சூட்டினார். தம் ஆங்கிலம் இன்னும் தேர்ந்திருந்தால் ‘ஸ்ட்ரெயின்’ என்றே பெயரிட்டிருப்பேன் என்று அவரே பின்னாளில் சொல்லிக்கொண்டதுண்டு. நம் இயற்பியல் பாடநூல்களில் ‘ஸ்ட்ரெஸ்’ தகைவு, ‘ஸ்ட்ரெயின்’ திரிபு. விசைக்குரிய பெயர், விசையால் நேரும் மாற்றத்துக்குப் போய்விட்டது.

அதே சறுக்கல் ‘அழுத்தம்’ என்ற சொல்லிலும் இருக்கிறது. அழுத்தம் வெளியிலிருந்து வருவது. நாம் பேச வந்ததோ உள்ளே நிகழ்வது. இரவு பதினொரு மணிக்குக் கைபேசியில் மேலதிகாரியின் பெயர் ஒளிர்கிறது; எடுப்பதற்கு முன்பே நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. அட்ரினலின் என்ற ஹார்மோன் இதயத்தை விரைவுபடுத்துகிறது. அதைத் தொடர்ந்து கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்துகிறது. ஓடித் தப்புவதற்கு உதவும் இந்த ஏற்பாடு, ஓட இடமில்லாத கடன், வேலை நிச்சயமின்மை, தனிமை ஆகியவற்றுக்காக மாதக்கணக்கில் விழித்திருக்கும்போதுதான் தூக்கம் கெடுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, நோய் எதிர்ப்பாற்றல் குறைகிறது. போதாக்குறைக்கு, ‘டிப்ரெஷன்’ என்ற நோயையும் பலர் ‘மன அழுத்தம்’ என்றே எழுதுகிறார்கள். அதற்கு மனச்சோர்வு என்ற நல்ல சொல் இருக்க, இரண்டையும் ஒன்றாக்கினால் மருத்துவரிடம் சொல்லும்போதே குழப்பம் தொடங்கிவிடும்.

‘உளைச்சல்’ என்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். உளைதல் என்றால் நோதல், வருந்துதல். கால் உளைச்சல், வயிற்று உளைச்சல் என்று உடலுக்கும், மன உளைச்சல் என்று உள்ளத்துக்கும் ஒரே சொல்லை வழங்கிவந்திருக்கிறோம். நெருக்கடி மனத்தில் தொடங்கி இரைப்பை வரை இறங்குவதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. இதற்கு ஒரு தடையும் உண்டு: இழப்பீட்டு வழக்குகளில் ‘மன உளைச்சல்’ என்பது பிறர் இழைத்த வேதனை என்ற பொருளில் ஊறிவிட்டது. ஆகவே உடல்நலம் பற்றி எழுதும்போது ‘மன’ என்ற முன்னொட்டை விட்டுவிட்டு, ‘உளைச்சல்’ என்று மட்டும் எழுதுகிறேன். வேலைப்பளுவையும் கடனையும் ‘நெருக்கடி’ என்று தனியே குறிக்கிறேன்.