காபோவைதரேற்று

எங்கள் தோட்டத்தில் வெறும் ‘மா’ என்றால் கோதுமை மாதான். மற்றவற்றுக்கு அடைமொழி வேண்டும்: அரிசி மா, குரக்கன் மா. இந்தச் சின்ன வழக்கு அம்மாவின் சீனி வருத்தத்தில் ஒரு வருடத்தைத் தின்றுவிட்டது. கிளினிக்கில் “மாச்சத்தக் குறைங்கம்மா” என்றார்கள். அம்மா வீட்டுக்கு வந்து, “நாளையிலருந்து எனக்கு ரொட்டி வேணாம் புள்ள” என்றார். காலையிலும் சோறு. மலைக்குப் போகுமுன் குடிக்கும் தேத்தண்ணியில் சீனி அப்படியே. இரத்தத்தில் சீனி இறங்கவில்லை.

கிளினிக்கில் சொல்ல வந்தது காபோவைதரேற்று. இலங்கைப் பாடநூல்களில் நாம் படித்த சொல். லத்தீனில் ‘காபோ’ என்றால் கரி. கிரேக்கத்தில் ‘ஐதோர்’ என்றால் நீர். குளுக்கோசின் ஒரு மூலக்கூறில் காபன் அணு 6, ஐதரசன் 12, ஒட்சிசன் 6. பன்னிரண்டுக்கு ஆறு, நீரில் உள்ள அதே விகிதம். கரியோடு நீர் சேர்ந்த பொருள் என்று 19ஆம் நூற்றாண்டில் பெயர் வைத்தார்கள். உள்ளே நீர் நீராக இல்லை என்று தெரிந்த பிறகும் பெயர் நின்றுவிட்டது. தமிழில் ‘காபோ’வும் ‘ஐதரேற்று’ம் சேரும் இடத்தில் வகரம் வந்து உட்கார்ந்திருக்கிறது, கோ + இல் கோவில் ஆனதுபோல. கடன் வாங்கிய சொல்லையும் நம் புணர்ச்சிக்குள் கொண்டுவந்தவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் அடுப்படியில் அந்தச் சொல் செல்லாது. அதற்குப் பதிலாக வழங்கும் ‘மாச்சத்து’ பாதியைத்தான் சொல்கிறது. காபோவைதரேற்றில் மாப்பொருள், சீனி வகைகள், நார்ப்பொருள் மூன்றும் அடக்கம். சமைக்குமுன் நிறுத்தால், 100 கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 75 கிராம் காபோவைதரேற்று. வெள்ளை அரிசியில் ஏறத்தாழ 80. சீனி முழுக்க அதுவே. அம்மா ரொட்டியை விட்டுச் சோற்றுக்குப் போனதில் என்ன மிச்சம்?

ஆங்கிலத்தில் ‘லோ கார்ப்’ எனப்படும் குறை காபோவைதரேற்று உணவு என்பது பொதுவாக நாளுக்கு 130 கிராமுக்குக் குறைவாக இதைச் சாப்பிடுவது. மாப்பொருளும் சீனியும் குளுக்கோசாகி இரத்தத்தில் ஏற, சதையி (கணையம்) இன்சுலினைச் சுரக்கிறது. வரவு குறைந்தால் அந்த ஏற்றமும் தணியும். பலருக்கு எடையும் இறங்கும். முதல் வாரத்தில் இறங்குவதில் பெரும்பங்கு நீர்: குளுக்கோசை உடல் சேமித்து வைக்கும் வடிவமான கிளைக்கோசன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. நார்ப்பொருளைக் குறைக்கத் தேவையில்லை. நம் மலையில் விளையும் கோவா, போஞ்சி, நோக்கோல் தட்டை நிறைக்கட்டும். உருளைக்கிழங்கு மட்டும் சோற்றுப் பக்கம் சேரும். இன்சுலினோ சீனிக்கான குளிசையோ எடுப்பவர்கள் டொக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டை மாற்றவே கூடாது, சீனி அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம்.

1863இல் லண்டனில் வில்லியம் பாண்டிங் என்பவர் தான் மெலிந்த விதத்தை அச்சிட்டு வெளியிட்டார். பாண், சீனி, பியர், உருளைக்கிழங்கு என்று விட்டவற்றைப் பெயர் சொல்லியே எழுதினார். அதுதான் சரியான வழி. ஏட்டில் ‘குறை காபோவைதரேற்று உணவு’ இருக்கட்டும். வீட்டில் ‘சோறும் மாவும் சீனியும் குறைத்த சாப்பாடு’ என்போம்.

அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன்: “சோறு, ரொட்டி, பாண், சீனி நாலும் ஒரே குடும்பம்மா.” கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்ப இதுவுமா?” என்றார்.