முயல் தீனி எடுக்காமல் முடங்கும்போது குடலில் நடப்பது என்ன?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டில் வளர்க்கும் முயல் முந்தின நாள் மாலையிலிருந்து தீனி எடுக்கவில்லை. கூட்டின் அடியில் புழுக்கையும் விழவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் அமர்ந்து பல்லைக் கடிக்கிறது. தண்ணீர் வைத்ததால்தான் இந்த நோய் வந்தது என்று அக்கம்பக்கத்தார் சொல்வதால், தண்ணீரை நிறுத்திவிட்டு மட்டிப்பழம் மட்டும் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தார். தண்ணீரை வையுங்கள், பழத்தை நிறுத்துங்கள், இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள் என்று அவருக்கு உடனே பதில் அனுப்பிவிட்டேன். அதற்கான காரணங்களை விளங்கிக்கொள்ள முயலின் குடலுக்குள் சற்றுத் தூரம் போக வேண்டும்.

இரைப்பையிலும் சிறுகுடலிலும் நடப்பது பெரும்பாலும் பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். முயலால் வாந்தியெடுக்க முடியாது என்பதை மட்டும் கூடுதலாக நினைவில் வைத்துக்கொண்டால் போதும். உள்ளே போனது எதுவானாலும் முன்னோக்கித்தான் நகர்ந்தாக வேண்டும். சிறுகுடல் முடியும் இடத்தில் சீக்கம் என்ற பெரிய பை இருக்கிறது. மனிதனுக்குச் சிறியதாகச் சுருங்கிவிட்ட இந்தப் பை, முயலுக்கு உணவுப்பாதையின் மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்கிறது. மாட்டுக்கு முன்வயிற்றில் நடக்கும் நொதித்தல் முயலுக்கு இந்தப் பின்பையில் நடக்கிறது. பாக்டீரியாக்கள் இங்கே தாவரப் பொருளைச் சிதைத்து உண்டாக்கும் கொழுப்பு அமிலங்களை முயல் உறிஞ்சி ஆற்றலாக்கிக்கொள்கிறது.

என்னை மிகவும் வியக்கவைக்கும் பகுதி சீக்கத்தை அடுத்துள்ள பெருங்குடல்தான். அங்கே வந்து சேரும் குழம்பில் இரண்டு வகைத் துகள்கள் கலந்திருக்கின்றன: அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட, எளிதில் செரிக்காத நார்த்துண்டுகள் ஒரு வகை; பாக்டீரியாவும் நீரும் கலந்த நுண்துகள்கள் மற்றொரு வகை. பெருங்குடலின் சுவரில் வரிசையாகச் சிறு பைகள் போன்ற மடிப்புகள் உள்ளன. சுவர் சுருங்கி விரியும்போது நார்த்துண்டுகள் குழாயின் நடுவில் திரள்கின்றன. நீரும் நுண்துகள்களும் ஓரத்து மடிப்புகளில் ஒதுங்குகின்றன. முறத்தில் அரிசியைக் கொழிக்கும்போது நொய் ஒரு பக்கம் ஒதுங்குவதுபோல, ஒரே அசைவில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. அதன்பிறகு நடுவில் உள்ள நார் முன்னோக்கிப் போக, ஓரத்தில் உள்ள நுண்பொருள் எதிர்த்திசையில் ஓடும் அலைகளால் மீண்டும் சீக்கத்துக்கே தள்ளப்படுகிறது. ஒரே குழாயில் ஒரே நேரத்தில் இரு திசைகளிலும் போக்குவரத்து நடக்கிறது!

இந்த அசைவுகளுக்குத் தாளம் கொடுப்பது, பெருங்குடலின் முற்பகுதி முடியும் இடத்தில் சில சென்டிமீட்டர் நீளமே உள்ள, தசை தடித்த ஒரு பகுதி. ஃபியூசஸ் கோலை என்று உடற்கூற்றியலார் அழைக்கும் இந்த உறுப்பில் நரம்புச் செல்கள் செறிந்திருக்கின்றன. முயல், குழிமுயல் அடங்கிய குடும்பத்துக்கே இது உரியது. நாளின் பெரும்பகுதியில் இது இறுகச் சுருங்கி, நாரிலிருந்து நீரைப் பிழிந்து, நாம் கூட்டின் அடியில் பார்க்கும் கெட்டியான உருண்டைப் புழுக்கைகளை உண்டாக்குகிறது. பிறகு, பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ, அதன் தாளம் மாறுகிறது. பிரித்தெடுக்கும் வேலை நிற்கிறது; சீக்கத்தில் ஊறிய பொருள் மென்மையான சிறு உருண்டைகளாகி, வழுவழுப்பான படலம் பூசப்பட்டு, கொத்தாக வெளியேறுகிறது. முயல் அதைத் தரையில் விழவிடாமல் நேரே வாயால் எடுத்து விழுங்கிவிடுகிறது. பி வகை வைட்டமின்களும் பாக்டீரியாப் புரதமும் அதற்குக் கிடைப்பது இவ்வாறுதான். இந்த இருவகைக் கழிவைப் பற்றி ஃபிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் மோரோ 1882ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். இதை அருவருப்பான பழக்கம் என்று எண்ணி முயலைத் தடுப்பவர்கள் அதன் உணவில் ஒரு பங்கையே பறிக்கிறார்கள்.

நார் முயலுக்குச் சத்துக்காக மட்டும் தேவைப்படுவதில்லை. செரிக்காத நீண்ட நார் குடல்சுவரைத் தூண்டிக்கொண்டே இருப்பதால்தான் அசைவு நிலைக்கிறது. ஏத்தன் பழம், பிஸ்கட், அரிசி என்று மாவும் சர்க்கரையும் மிகுந்து நார் குறையும்போது அசைவு தளர்கிறது. சீக்கத்தில் பொருள் தேங்குகிறது. அமிலநிலை மாறி, நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் குறைந்து, வாயுவும் நச்சும் உண்டாக்கும் கிளாஸ்டிரிடியம் போன்றவை பெருகுகின்றன. வாயுவால் வலி, வலியால் உண்ணாமை, உண்ணாமையால் மேலும் தளர்ச்சி என்று சுழல் இறுகுகிறது. பல் நோயால் வரும் வலி, நாய் துரத்திய அச்சம், கடும் வெப்பம் ஆகியவையும் இதே சுழலைத் தொடங்கிவைக்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில், தகரக் கூரைக்கடியில் கூடு வைத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும். வியர்க்காத முயலுக்கு 30 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமே பெரிய துன்பம்.

தண்ணீர் கொடுத்தால் முயல் செத்துவிடும் என்ற நம்பிக்கை தமிழ்நாடு முழுவதும் பரவியிருக்கிறது. ஈரப்புல் மட்டுமே தின்னும் முயல் குறைவாகத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தோ, கோடை மழை நாட்களில் குட்டிகள் வயிற்றுப்போக்கால் இறப்பதைப் பார்த்தோ இது தோன்றியிருக்கலாம். அந்தக் குட்டிகளைப் பெரும்பாலும் கொல்வது காக்சிடியா என்ற ஒட்டுண்ணி, தண்ணீர் அன்று. தண்ணீரில்லாத முயலின் வயிற்றிலுள்ள தீனி காய்ந்து இறுகிவிடும், பிறகு அதை நகர்த்துவது மிகக் கடினம். இந்த ஒரு நம்பிக்கையால் எத்தனை முயல்கள் தவித்து இறக்கின்றன என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

காய்ந்த புல்தான் முதல் மருந்து என்றாலும், இரண்டு பருவமழை பெறும் இம்மாவட்டத்தில் அது எளிதில் கிடைப்பதில்லை. கினிப்புல்லையும் அருகம்புல்லையும் தை, மாசி வெயிலில் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ நெல் அறுவடையில் கிடைக்கும், பூச்சிமருந்து படாத, பூஞ்சை பிடிக்காத வைக்கோல் சத்தில் குறைந்ததுதான். ஆனாலும் நாருக்கு உதவும். மரச்சீனி (மரவள்ளி) இலையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருப்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் மத்திய அரசின் ஆய்வு மையம் இறைச்சிக்கும் உரோமத்துக்குமாக முயல் ஆய்வு செய்கிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த கடலோரத்தில் எந்தப் புல் முயலின் குடலுக்கு ஏற்றது என்பதற்கும் கொஞ்சம் நிதி ஒதுக்கினால், வீட்டு முயல்களோடு சிறு பண்ணையாளரும் பயனடைவார்கள் என்பது என் உறுதியான கருத்து.

நோயுற்ற முயலுக்கு வருவோம். 12 மணி நேரம் தீனி எடுக்காமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அது அவசர நிலை. காது சில்லிட்டு, உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கியிருந்தால் சிறிதும் தாமதிக்கக் கூடாது; துணியில் சுற்றிய வெந்நீர்ப் புட்டியை அருகில் வைத்தபடியே கொண்டுசெல்ல வேண்டும். உள்ளூரில் முயலுக்குச் சிகிச்சையளிக்கும் மருத்துவர் இல்லையெனில் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குடலில் அடைப்பு இருக்கிறதா என்பதை மருத்துவர் முதலில் பார்ப்பார். வயிறு உப்பி விறைத்திருக்கும் முயலுக்கு வற்புறுத்தித் தீனி புகட்டுவது ஆபத்து. அடைப்பு இல்லையென்றால் தோலுக்கடியில் நீர் ஏற்றுதல், வலிமருந்து, தேவைப்பட்டால் குடல் அசைவைத் தூண்டும் மருந்து என்று சிகிச்சை போகும். வீட்டில் குழந்தைகளுக்கு வாங்கிய அமாக்சிசிலின் மருந்தை ஒருபோதும் வாய்வழியே கொடுக்கக் கூடாது; சீக்கத்து நுண்ணுயிர்களை அழித்து, அதுவே முயலைக் கொன்றுவிடும்.

மருத்துவர் அனுமதித்த பிறகு, முயல் தீவனக் குச்சியைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாய் ஓரமாகச் சிறிது சிறிதாகப் புகட்டலாம். ஒவ்வொரு வாயையும் அது மென்று விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையேல் புரையேறும். முதலில் விழும் புழுக்கைகள் சிறுத்தும் கோணலாகவும் இருக்கும். அவை பழைய பருமனுக்குத் திரும்பும்வரை காய்ந்த புல்லும் தண்ணீரும் எப்போதும் கூட்டில் இருக்கட்டும். பழத்தை அதன்பிறகும் விரல்நுனி அளவுக்கு மேல் கொடுக்க வேண்டாம்.