அந்த போல்டரை அழிக்காதீர்கள்: வீட்டுக் கணினிக்கு எந்த போட்டோ மென்பொருள்?

"எல்லாப் படமும் சாஃப்ட்வேர்ல ஏறிடுச்சு சார், அதான் போல்டரை டெலீட் பண்ணிட்டேன்." டேட்டா ரெக்கவரிக்கு, அதாவது அழிந்த ஃபைல்களை மீட்க, எங்களிடம் வரும் ஹார்ட் டிஸ்க்குகளோடு கூடவே வரும் வாக்கியம் இது. டிஸ்க்கில் எந்தப் பழுதும் இருக்காது. கல்யாணம், காதுகுத்து, இன்று உயிரோடு இல்லாத பெரியவர்களின் கடைசிப் படங்கள் என்று பத்துப் பதினைந்து வருடச் சேமிப்பு மட்டும் போயிருக்கும். வாரம் தவறாமல் இதையே கேட்க வேண்டியிருப்பதால், இந்த முறை கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

டிஜிகேம், லைட்ரூம் கிளாசிக், பழைய பிகாசா எல்லாம் படங்களை அடுக்கிக் காட்டும் மென்பொருள்கள். இவை எதுவுமே உங்கள் படங்களைத் தமக்குள் வைத்துக்கொள்வதில்லை. கல்யாண வீட்டு மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். யார், எந்த ஊர், எவ்வளவு என்பதெல்லாம் நோட்டில் இருக்கும். பணம் வேறொரு பையில் இருக்கும். மென்பொருளின் டேட்டாபேஸ் அந்த நோட்டு. உங்கள் போல்டர்தான் பணப்பை. பையைத் தூக்கிப் போட்டுவிட்டு நோட்டைப் பத்திரமாக வைத்திருப்பதால் என்ன கிடைக்கும்?

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. போல்டரை அழித்த பிறகும் மென்பொருளில் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாகத் தெரியும். 'பார்த்தீர்களா, இருக்கிறதே' என்று நம்பி ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிடுவார்கள். தெரிந்தது தம்ப்நெயில் எனப்படும் சின்ன முன்னோட்ட நகல் மட்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு கணக்குப் போடுங்கள். 20,000 படங்கள், ஒன்று 4 எம்பி என்றால் 80 ஜிபி. இப்போது அந்த டேட்டாபேஸ் ஃபைலின் அளவைப் பாருங்கள். பெரும்பாலும் சில நூறு எம்பிதான் இருக்கும். அதற்குள் 80 ஜிபி எப்படி உட்காரும்? லைட்ரூமை மூடும்போது 'பேக்கப் எடுக்கவா' என்று கேட்கிறதே, அதுவும் கேட்டலாக் எனப்படும் தன் டேட்டாபேஸை மட்டுமே பேக்கப் எடுக்கிறது. படம் ஒன்றுகூட அதில் கிடையாது. படங்களுக்கு நீங்கள்தான் தனியாக எடுக்க வேண்டும்.

விதிவிலக்கு, மேக்கில் உள்ள ஆப்பிள் போட்டோஸ். அது வழக்கமாகப் படங்களைத் தன் லைப்ரரிக்குள் நகல் எடுத்துக்கொள்ளும். ஆனால் செட்டிங்ஸில் 'காப்பி ஐட்டம்ஸ்' என்ற டிக்கை எடுத்துவிட்டிருந்தால் அதுவும் மற்றவற்றைப் போலத்தான். ஐகிளவுடில் 'ஆப்டிமைஸ்' போட்டிருந்தால் முழு அளவுப் படங்கள் மேக்கில் இல்லாமலும் போகலாம். அப்போது மேக்கின் டைம் மெஷின் பேக்கப்பிலும் அவை இருக்காது. 'டவுன்லோட் ஒரிஜினல்ஸ்' என்று மாற்றி, எல்லாம் இறங்கி முடியும்வரை காத்திருந்து, அதன் பிறகு பேக்கப் எடுங்கள்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? முகம் கண்டுபிடிக்கிறதா, அழகாக இருக்கிறதா என்று ஆளுக்கொரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நீங்கள் உட்கார்ந்து எழுதிய பெயர்களை அந்த மென்பொருள் எங்கே எழுதி வைக்கிறது? தன் டேட்டாபேஸில் மட்டுமா, படத்தின் உள்ளேயுமா?

ரெக்கவரி மேசையில் இதற்கான காரணம் நன்றாகத் தெரியும். போல்டர் அமைப்பு சிதைந்த டிஸ்க்கில் போட்டோரெக் போன்ற கருவியை ஓட்டினால் படங்கள் வரும், பெயர்கள் வராது. எஃப் என்ற எழுத்தும் அதன்பின் நீண்ட எண்ணும் கொண்ட ஆயிரக்கணக்கான ஃபைல்கள்தான் கையில் கிடைக்கும். ஆனால் ஜேபெக் ஃபைலுக்குள்ளேயே எழுதிய தேதியும் டேக்கும் (அடையாளச் சொல்) முகப்பெயரும் படத்தோடு சேர்ந்து மீண்டு வந்துவிடும். 'பெரியப்பா, 2009, குலதெய்வக் கோயில்' என்று உள்ளே எழுதிய படத்தை எந்த மென்பொருளில் திறந்தாலும் அடையாளம் காணலாம். டேட்டாபேஸில் மட்டும் எழுதியிருந்தால் அது பெயரில்லாத படம்.

இந்த ஒன்றுக்காகவே வீட்டுக்கு நான் முதலில் சொல்வது டிஜிகேம். இலவசம்; விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். முதல்முறை திறக்கும்போதே 'விவரங்களை ஃபைலில் எழுதவா' என்று கேட்கும். பெரும்பாலோர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். அங்கே 'ஆம்' சொல்லுங்கள். தாண்டியிருந்தால் செட்டிங்ஸ், கான்ஃபிகர் டிஜிகேம், மெட்டாடேட்டா (படத்தின் விவரங்கள்) என்று போய் டேக், முகம், தலைப்பு, ரேட்டிங் எல்லாவற்றுக்கும் டிக் போடுங்கள். ஏற்கெனவே டேக் செய்தவற்றுக்கு, டூல்ஸ் மெனுவில் மெயின்டெனன்ஸ் திறந்து, மெட்டாடேட்டா சிங்க் என்பதில் 'டேட்டாபேஸிலிருந்து படத்துக்கு' என்ற திசையைத் தேர்ந்தெடுங்கள். திசையை மாற்றிப் போட்டால் எழுதியது அழிந்துபோகலாம், இரண்டு முறை பாருங்கள். மொத்தமாக எழுதும் முன் ஒரு பேக்கப் கட்டாயம். கேமரா சுருக்காமல் தரும் மூல வடிவமான ரா ஃபைல்களுக்குள் எழுத வேண்டாம். அவற்றுக்குப் பக்கத்தில், எக்ஸ்எம்பி என்ற விவரம் எழுதும் முறையில், தனித் துணை ஃபைலாக எழுதச் சொல்லுங்கள். படத்தை நகர்த்தும்போது அந்தத் துணை ஃபைலும் கூடப் போக வேண்டும்.

படங்கள் வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் அதை 'ரிமூவபிள் மீடியா' என்ற தலைப்பின் கீழ் சேருங்கள். டேட்டாபேஸை மட்டும் கணினியின் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியில் வையுங்கள். வெளி டிஸ்க்கில் வைத்தால் ஆமை வேகம்தான். முகம் தேடும் வசதி முதல்முறை சில நூறு எம்பி இறக்கும், பிறகு பல மணி நேரம் ஓடும். இரவில் விட்டுவிட்டுத் தூங்குங்கள். ராம் குறைவான கணினியில் 'எல்லா கோர்களையும் பயன்படுத்து' என்பதைத் தொட வேண்டாம்.

தமிழில் டேக் எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. படத்துக்குள் விவரம் எழுதும் பழைய ஐபிடிசி முறையில் ஒரு டேக்குக்கு 64 பைட்தான் இடம். யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். 'கி' என்று எழுதினாலே க, இகரக் குறி என இரண்டு குறியீடு, 6 பைட். ஆக, 21 குறியீட்டோடு இடம் முடிந்துவிடும். நீளமான பெயர் பாதியில் வெட்டுப்படலாம். எக்ஸ்எம்பியில் இந்தத் தொல்லை இல்லை. தேர்வு இருக்கும் இடத்தில் அதையே போடுங்கள், டேக்கையும் சுருக்கமாக வையுங்கள்.

லைட்ரூம் கிளாசிக் நல்ல மென்பொருள், படத்தைத் திருத்துகிறவர்களுக்கு. குடும்பப் படங்களை அடுக்கி வைக்க மட்டும் மாதச் சந்தா கட்டுவது எனக்கு வீண் செலவாகவே படுகிறது. சந்தா நின்றாலும் லைப்ரரி திறக்கும், ஆனால் டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும். வைத்திருப்பவர்கள் கேட்டலாக் செட்டிங்ஸில் எக்ஸ்எம்பிக்குத் தானாக எழுதும் டிக்கை இன்றே போடுங்கள். போல்டர்களை எக்ஸ்ப்ளோரரில் இழுத்து நகர்த்தாதீர்கள், லைட்ரூமுக்குள்ளேயே நகர்த்துங்கள். நகர்த்திவிட்டீர்களா? பதறி மறுபடி இம்போர்ட் செய்ய வேண்டாம். கேள்விக்குறி காட்டும் போல்டரில் வலது கிளிக் செய்து 'ஃபைண்ட் மிஸ்ஸிங் போல்டர்' கொடுத்தால் போதும்.

இர்ஃபான்வியூ, ஃபாஸ்ட்ஸ்டோன், எக்ஸ்என்வியூ எம்பி மூன்றும் போல்டரை அப்படியே திறந்து காட்டுபவை. வேகமானவை, வீட்டு உபயோகத்துக்கு இலவசம். போல்டருக்கு ஒழுங்காகப் பெயர் வைப்பவருக்கு இவையே போதும். அதைவிட எளிய வழியும் உண்டு: விண்டோஸில் ஜேபெக் படத்தின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்டீஸ், டீடெயில்ஸ். அங்கே டேக் எழுதினால் படத்துக்குள்ளேயே போய்ச் சேரும். பிஎன்ஜி படங்களுக்கு இது நடக்காது.

பிகாசாவுக்கு கூகுள் 2016-லேயே ஆதரவை நிறுத்திவிட்டது. இன்னும் அதையே ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். பழகிய கை, புரிகிறது. ஆனால் அதில் செய்த திருத்தங்கள், 'சேவ்' கொடுக்காதவரை, போல்டரில் மறைந்திருக்கும் பிகாசா ஐஎன்ஐ என்ற ஃபைலில் வெறும் குறிப்பாகத்தான் இருக்கின்றன. சேவ் கொடுத்தவற்றின் மூலப்படம் 'பிகாசா ஒரிஜினல்ஸ்' என்ற மறைந்த போல்டரில் இருக்கும். புதுக் கணினிக்கு மாற்றும்போது மறைந்த ஃபைல்களைக் காட்டும்படி வைத்து, முழு போல்டராக நகல் எடுங்கள். முகப்பெயர்களை எக்ஸ்எம்பியில் எழுதும் வசதி டூல்ஸ் மெனுவின் எக்ஸ்பெரிமென்டல் பகுதியில் இருக்கிறது. பிகாசா திறக்கும் கணினி கைவசம் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.

கூகுள் போட்டோஸ் தேடுவதற்கு அருமை. ஆனால் அதை பேக்கப் என்று சொல்லாதீர்கள். ஆப்பில் ஒரு படத்தை அழித்தால் போனிலும் போகும், கிளவுடிலும் போகும். பேக்கப் ஆன படம் குப்பையில் 60 நாள் கிடக்கும், பிறகு இல்லை. போனில் இடம் வேண்டுமானால் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' வேறு, 'டெலீட்' வேறு; முன்னது போனில் உள்ள நகலை மட்டும் நீக்கும். இந்த வித்தியாசத்தை வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாகப் பெரியவர்களுக்கு, உட்கார வைத்துக் காட்டுங்கள். 2021 ஜூன் முதல் 15 ஜிபிதான் இலவசம், அதுவும் ஜிமெயில், டிரைவோடு பங்கு. கூகுளின் பதிவிறக்க வசதியான டேக்அவுட் மூலம் எல்லாவற்றையும் இறக்கினால் படத்தோடு ஜேசன் ஃபைல்களும் வரும். கூகுளில் நீங்கள் திருத்திய தேதியும் எழுதிய விளக்கமும் அவற்றில்தான் இருக்கின்றன. குப்பை என்று நினைத்து அழிக்காதீர்கள். ஒன்ட்ரைவும் இப்படித்தான்: அதன் கீழ் இருக்கும் பிக்சர்ஸ் போல்டரில் அழித்தது எல்லா இடத்திலும் அழியும்.

பேக்கப் என்றால் கணினியிலிருந்து பிடுங்கி அலமாரியில் வைத்த இன்னொரு ஹார்ட் டிஸ்க். முடிந்தால் இரண்டு, ஒன்று உறவினர் வீட்டில். எப்போதும் செருகியே வைத்திருக்கும் டிஸ்க்கை மின்னலும், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரும் கணினியோடு சேர்த்தே கொண்டுபோகும். பென் டிரைவை இதற்கு நம்பாதீர்கள், தயவுசெய்து.

டூப்ளிகேட் நீக்கும் கருவிகளைத் தானாக அழிக்க விடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த நகலில் படம் சிறுத்திருக்கும், எடுத்த தேதியும் கேமரா விவரமும் கழன்றிருக்கும். மூலத்தை அழித்து இதை வைத்துக்கொண்டவர்கள் பலர். அளவில் பெரியது எது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். உறவினரிடம் கேட்கும்போது 'டாக்குமென்டாக' அனுப்பச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே அழித்துவிட்டீர்கள் என்றால், அந்த டிரைவில் இனி எதையும் எழுதவிடாதீர்கள். முதலில் ரீசைக்கிள் பின், டிஜிகேமில் அழித்திருந்தால் அதற்கென்று உள்ள தனிக் குப்பைத்தொட்டி, கிளவுடின் குப்பை மூன்றையும் பாருங்கள். இல்லையென்றால் கணினியை அணைத்துவிடுங்கள். ரெக்கவரி மென்பொருளை அதே டிரைவில் நிறுவாதீர்கள். நிறுவுவதே பழைய படங்களின் மேல் எழுதுவதுதான். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் நல்ல வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி என்றால், அழித்த இடத்தைத் தானே காலி செய்யும் ட்ரிம் ஓடிய பிறகு எங்களால் பெரும்பாலும் எதுவும் செய்ய முடியாது. அதனால் குப்பையில் இல்லை என்று தெரிந்ததும் நேராகப் பவர் பட்டனுக்குப் போங்கள், போனில் தீர்வு தேடுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.